கார்புரேட்டர் மாருதி 800 மிஸ்ஸிங் அடித்தால்: பழுதைத் தேடும் வரிசை

சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் கையில் உதறும். சைலன்சர் சத்தம் சீராக வந்துகொண்டே இருக்கும்போது நடுவில் 'டுப்... டுப்' என்று இடறும். மேம்பாலம் ஏறுகையில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி இழுக்காமல் திக்கும். பட்டறையில் இதை 'மிஸ்ஸிங்' என்பார்கள். சிலிண்டருக்குள் போன பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, எரிய வேண்டிய நேரத்தில் எரியாமலோ அரைகுறையாக எரிந்தோ வெளியேறுகிறது என்று பொருள்.

இந்தக் கட்டுரை, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் பொருத்திய பழைய மாருதி 800-க்கானது. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த முதல் வண்டியிலிருந்து, 2000-ஆம் ஆண்டையொட்டி எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலை மின்னணு முறையில் பீய்ச்சும் அமைப்பு) வரும்வரை விற்ற வண்டிகள் இவை. 1986-இல் உடல் அமைப்பு மாறியது. ஆனால் 796 சி.சி., மூன்று சிலிண்டர், ஆறு வால்வு, அலுமினிய ஹெட் கொண்ட அதே எஃப்8பி இன்ஜின்தான் தொடர்ந்தது. அதே இன்ஜின் உள்ள கார்புரேட்டர் ஆம்னிக்கும் இங்கே சொல்லும் சோதனைகள் பொருந்தும்.

மூன்று சிலிண்டர் என்பதை மனதில் வையுங்கள். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று, அதாவது 720 டிகிரி சுற்றினால் மூன்று சிலிண்டரும் ஒருமுறை எரியும். 240 டிகிரிக்கு ஒரு தள்ளு. ஒரு சிலிண்டர் செத்தால் அந்த இடத்தில் 480 டிகிரிக்குத் தள்ளே இருக்காது. நான்கு சிலிண்டர் வண்டியைவிட 800-இல் ஒரு சிலிண்டர் போனால் உதறல் அவ்வளவு கடுமையாக இருப்பது இதனால்தான். பழுதைத் தேடுபவருக்கு இது வசதி. அறிகுறி ஒளிந்துகொள்ளாது.

புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு ஒன்றுதான். மிஸ்ஸிங் என்றதும் கார்புரேட்டரைக் கழற்றிவிடுவார்கள், அல்லது பிளக், வயர், காயில் (பொறிக்கு வேண்டிய உயர் வோல்டேஜைத் தருவது) மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுவார்கள். முதலாவதில், நன்றாக இருந்த கார்புரேட்டரும் கெடும். இரண்டாவதில் பழுது தற்செயலாகச் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆகவே எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் இரண்டு கேள்விக்கு விடை வேண்டும்: மிஸ்ஸிங் எப்போது வருகிறது? எந்தச் சிலிண்டரில் வருகிறது? தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

எப்போது வருகிறது?

இதற்குக் கருவியே வேண்டாம். ஒரு வாரம் வண்டியைக் கவனித்து ஓட்டினால் போதும்.

நின்ற இடத்தில் ஸ்லோவில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஓட்டத்தில்) மட்டும் இடறி, ஓட்டத்தில் சரியாகிவிட்டால், காற்று எங்கோ திருட்டுத்தனமாக உள்ளே புகுகிறது, அல்லது கார்புரேட்டரின் ஸ்லோ ஜெட் (ஸ்லோ ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் சிறு துளை) அடைத்திருக்கிறது, அல்லது ஏதோ ஒரு வால்வு முழுதாக மூடவில்லை. ஸ்லோவில் இன்ஜின் இழுக்கும் காற்று மிகக் குறைவு. அதனால் சிறு கசிவுகூட கலவையில் பெரும் பங்காகிவிடும். ஓட்டத்தில் அதே கசிவு பொருட்டே இல்லை.

ஸ்லோவில் சரியாக இருந்து, நாலாவது கியரில் குறைந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரை நன்றாக மிதிக்கும்போது மட்டும் திக்கினால், சந்தேகம் முதலில் தீப்பொறி மேல்தான். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏற, பிளக் இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். தேய்ந்த பிளக், விரிசல் விட்ட கேப் (பொறியை மூன்று வயருக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி), பழசான வயர் எல்லாம் லேசான ஓட்டத்தில் ஒப்பேற்றிவிடும். பாரம் ஏறும்போது மாட்டிக்கொள்ளும்.

அதிக வேகத்தில் சில நொடிகள் இழுத்த பிறகு, ஆள் மூச்சு வாங்குவதுபோல் தளர்ந்தால் பெட்ரோல் போதவில்லை: ஃபில்டர், பம்ப், டேங்கில் தூசி. சட்டென்று வெட்டி வெட்டி விட்டால் பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அல்லது காயில். 3,000 ஆர்.பி.எம்.மில் இந்த இன்ஜினுக்கு நொடிக்கு 75 பொறி வேண்டும். வலுவிழந்த காயிலுக்கு அந்த அவசரத்தில் நிறைய நேரமில்லை.

அரை மணி ஓடிச் சூடான பிறகுதான் வருகிறது, ஆறியதும் போய்விடுகிறது என்றால் காயில், கண்டென்சர் (பாயிண்ட் கருகாமல் காப்பது), எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டியானால் அதன் மாட்யூல் (பாயிண்டின் வேலையைச் செய்யும் மின்னணுப் பாகம்) ஆகியவற்றைப் பாருங்கள். மழை நாளிலோ பனி விழும் காலையிலோ மட்டும் வந்தால் கேபும் வயர்களும்.

தயாராவது

தேவையானவை அதிகமில்லை. 21 மி.மீ. பிளக் ஸ்பானர், ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், நல்ல நிலையில் ஒரு உபரி பிளக், முதலைக் கிளிப் வைத்த ஒரு துண்டு வயர், உலர்ந்த ரப்பர் கையுறை, பெயர் எழுத ஒட்டும் டேப். கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) கேஜும் பொறி வரும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டும் கடைசிக் கட்டத்தில்தான் தேவைப்படும். அக்கம்பக்கத்துப் பட்டறையில் இரவல் கிடைத்தால் போதும்.

வண்டி திறந்தவெளியில் நிற்கட்டும். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிடாதீர்கள், புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையே காட்டாமல் ஆளைச் சாய்க்கும். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். வேட்டி முனை, துப்பட்டா, கைச்சங்கிலி, கழுத்துச் சங்கிலி எதுவும் பெல்ட் பக்கம் தொங்கக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்தில் ஓடுவது, தண்ணீர் சூடானதும் அறிவிப்பின்றிச் சுழலும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் ஓடும் இக்னிஷன் அருகே வரவே வேண்டாம்.

இன்னொரு முன்சோதனை: பேட்டரியும் எர்த்தும். இன்ஜின் நிற்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் அளவிலும், ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரையிலும் காட்ட வேண்டும். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை துருப்பிடித்திருந்தால் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டுங்கள். இருபது முப்பது வருட வண்டியில் இந்த ஒரு பட்டை தரும் தொல்லை கொஞ்சமல்ல.

எந்தச் சிலிண்டர்?

டைமிங் பெல்ட் பக்கம் இருப்பது ஒன்றாம் சிலிண்டர். எரியும் வரிசை 1-3-2. எந்த வயரையும் தொடுவதற்கு முன் மூன்றிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். முன்பு யாராவது இரண்டு வயரை மாற்றிப் போட்டிருந்தால் அதுவே மிஸ்ஸிங்குக்குக் காரணமாகவும் இருக்கலாம். கேபைத் திறந்து, இன்ஜினைக் கையால் சுற்றி, ரோட்டார் (கேபுக்குள் சுழலும் கை) எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பாருங்கள். அந்தத் திசையில் ஒன்று, மூன்று, இரண்டு என்று வயர்கள் வர வேண்டும்.

ஓடும் இன்ஜினில் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது பட்டறை வழக்கம். புதியவர்களுக்கு அது வேண்டாம். ஷாக் பலமாக அடிக்கும், அதிர்ச்சியில் கை பெல்ட்டில் படும். அதோடு, வயர் எங்கும் தொடாமல் தொங்கினால் பொறி போக வழியின்றிக் காயிலையும் மாட்யூலையும் உடைத்துக்கொண்டு வெளியேறப் பார்க்கும். இப்படிச் செய்யுங்கள்:

1. இன்ஜினைச் சூடாக்கி நிறுத்துங்கள்.
2. ஒன்றாம் பிளக்கின் வயரை, வயரைப் பிடித்து இழுக்காமல் ரப்பர் முனையைப் பிடித்துக் கழற்றுங்கள். அதை உபரி பிளக்கில் மாட்டி, அந்தப் பிளக்கின் உலோக உடலைக் கிளிப் வயரால் இன்ஜினோடு இணையுங்கள். பெட்ரோல் பைப்பிலிருந்து தள்ளியே வையுங்கள்.
3. இன்ஜினை ஓட்டி, பத்து நொடி மட்டும் கேளுங்கள். பிறகு நிறுத்தி வயரைப் பழைய இடத்தில் மாட்டுங்கள்.
4. இரண்டு, மூன்றுக்கும் இதையே செய்யுங்கள்.

நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் இன்ஜின் இன்னும் மோசமாகத் தள்ளாடும், நின்றேகூடப் போகும். கழற்றியும் சத்தத்தில் மாற்றமே இல்லையென்றால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை, அதுதான் நீங்கள் தேடியது. மூன்றிலும் ஒரே அளவு தளர்ச்சி தெரிந்து, ஆனாலும் மிஸ்ஸிங் இருக்கிறது என்றால் பழுது மூன்றுக்கும் பொதுவான இடத்தில்: காயில், ரோட்டார், பாயிண்ட், கார்புரேட்டர், காற்றுக் கசிவு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து செத்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டை (சிலிண்டர்களுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகட்டை) நினைவில் வையுங்கள்.

பத்து நொடி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 1995 ஏப்ரலிலிருந்து சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் விற்ற புதிய பெட்ரோல் கார்களில், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியாகப் போய் அதற்குள் எரிந்தால் கன்வர்ட்டரின் உட்பகுதி உருகிவிடும். மிஸ்ஸிங் வண்டியை 'ஓடுகிற வரை ஓடட்டும்' என்று விடக் கூடாததும் இதனால்தான். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிட்டு, கீழே இறங்கி இன்ஜின் ஆயிலையும் நீர்க்கச் செய்யும்.

பிளக் சொல்லும் சேதி

இன்ஜின் ஆறிய பிறகே பிளக்கைக் கழற்றுங்கள். ஹெட் அலுமினியம், சூட்டோடு திருகினால் மரை போய்விடும். கழற்றுவதற்கு முன் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதி எடுத்துவிடுங்கள், இல்லையேல் அது சிலிண்டருக்குள் விழும். கழற்றிய மூன்றையும் வரிசை மாறாமல் ஒரு வெள்ளைத் துணியில் அடுக்குங்கள்.

ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. மூன்றும் வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் பெட்ரோலில் நனைந்து வாசனை அடித்தால், அங்கே பெட்ரோல் போகிறது, பொறி வரவில்லை அல்லது கம்ப்ரஷன் இல்லை. மூன்றுமே காய்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம்: ஏர் ஃபில்டர் அடைப்பு, முழுதாகத் திரும்பாத சோக் (குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைப்பது), ஏறிய ஃப்ளோட் மட்டம் (கார்புரேட்டர் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலின் அளவு). பிசுபிசுப்பான கறுப்பு ஆயில் என்றால் அந்தச் சிலிண்டரில் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. வெள்ளை வெளேரென்று இருந்தால் கலவை மெலிந்து சூடு ஏறுகிறது. ஒன்று மட்டும் ஆவியில் கழுவியதுபோல் பளிச்சென்று இருந்தால், ரேடியேட்டர் தண்ணீர் அந்தச் சிலிண்டருக்குள் போகிறது.

பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சில் கோடு போட்டதுபோல் கறுப்பு வரி இருந்தால் பொறி அந்த வழியாக வெளியே ஓடியிருக்கிறது. அப்படிப்பட்ட பிளக்கைத் தூக்கிப் போடுங்கள், அதற்கு மாட்டிய வயரின் ரப்பர் முனைக்குள்ளும் அதே கோடு இருக்கும்.

பாயிண்ட் இக்னிஷன் வண்டிக்கு பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. ஃபீலர் கேஜ் லேசான பிடிப்போடு நகர வேண்டும். சரிசெய்ய வெளிக்கொக்கியை மட்டும் வளையுங்கள், நடு எலக்ட்ரோடை நெம்பினால் பீங்கான் உடையும். திரும்ப மாட்டும்போது முதலில் விரலாலேயே கடைசிவரை திருகுங்கள். அது உட்கார்ந்த பிறகு, புது பிளக்கானால் ஸ்பானரால் அரைச் சுற்று. பழைய பிளக்கானால் கடிகார முள் ஐந்து நிமிடம் நகரும் அளவு, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று. அதற்கு மேல் வலிமையைக் காட்ட வேண்டாம்.

இப்போது இடம் மாற்றும் சோதனை. இரண்டாம் சிலிண்டர் செத்திருந்தால், அதன் பிளக்கை ஒன்றாம் சிலிண்டருக்கு மாற்றி ஓட்டுங்கள். மிஸ்ஸிங் ஒன்றுக்கு நகர்ந்தால் பிளக்தான் குற்றவாளி. நகரவில்லையா, நல்ல வயர் ஒன்றை அதே இடத்தில் போட்டுப் பாருங்கள். அப்போதும் இரண்டாம் சிலிண்டரே செத்திருந்தால் கேப்பின் அந்த ஒரு முனையைப் பாருங்கள். அதுவும் நன்றாக இருந்தால் பழுது இன்ஜினுக்குள் இருக்கிறது, கம்ப்ரஷன் சோதனைக்கு நேராகப் போய்விடலாம். செலவே இல்லாத இந்தச் சோதனை ஒன்றே பல வண்டிகளின் பழுதைக் காட்டிவிடும்.

வயர், கேப், ரோட்டார்

இருட்டிய பிறகு பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, கையை உள்ளே விடாமல் பாருங்கள். வயரிலிருந்து இன்ஜின் உலோகத்துக்கு நீலப் பொறி தாவினால் கண்ணுக்கே தெரியும். தெரியாவிட்டால், செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் குப்பியால் வயர்கள் மேல் பனிபோல லேசாகத் தெளியுங்கள். மழையில் மட்டும் வரும் மிஸ்ஸிங் அப்போதே வந்து நிற்கும்.

மல்டிமீட்டரில் வயரின் இரு முனையையும் தொட்டு ஓம் பாருங்கள். ரெசிஸ்டன்ஸ் வயர் ஆயிரக்கணக்கான ஓம் காட்டும், நீளமான வயர் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு கூடுதலாக இருந்தாலோ, மீட்டர் எதுவுமே காட்டாவிட்டாலோ உள்ளே அறுந்திருக்கிறது. அளக்கும்போது வயரை வளைத்து ஆட்டியும் பாருங்கள், அறுந்த இடம் அசையும்போதுதான் விலகும்.

கேபைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மயிரிழை விரிசல், முனைக்கு முனை கறுப்புக் கோடு, பித்தளை முனையில் பச்சை அல்லது வெள்ளைப் பொடி, நடுவில் இருக்கும் சிறு கரித்துண்டு தேய்ந்தோ ஸ்பிரிங் இன்றிச் சிக்கியோ இருப்பது, இவற்றைத் தேடுங்கள். பொடியை மெல்லச் சுரண்டி எடுக்கலாம். விரிசலுக்கும் கறுப்புக் கோட்டுக்கும் மருந்தில்லை, கேபை மாற்ற வேண்டியதுதான். ரோட்டாரின் முனை எரிந்து குழிந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். தேங்கிய தண்ணீரில் போய் நின்ற வண்டியானால், பெரும்பாலும் கேப்பின் உள்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்தாலே ஓடத் தொடங்கும்.

பாயிண்ட், கண்டென்சர், காயில்

ஆரம்பகால 800-களில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் உண்டு, பின்னால் வந்தவற்றில் எலக்ட்ரானிக். பாயிண்டில் கேமைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஃபைபர் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், பொறி தாமதமாக வரும், பிக்கப் போகும். கடைசியில் பாயிண்ட் சரியாகத் திறக்காமல் மிஸ்ஸிங் வரும். மெல்ல மெல்ல நடப்பதால் ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை.

காயிலின் நடு வயரைக் கேபிலிருந்து கழற்றி எர்த்தில் இணைத்துவிட்டு, கேபையும் ரோட்டாரையும் எடுங்கள். கிராங்க் புல்லி போல்டில் ஸ்பானர் போட்டு இன்ஜினைச் சுற்றுங்கள். கேமில் மூன்று முகடு உண்டு, ஏதாவது ஒன்றின் உச்சியில் குதிகால் நிற்க வேண்டும். அங்கே பாயிண்ட் இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ. திருகை லேசாகத் தளர்த்தி நகர்த்தி, இறுக்கி, மறுபடி அளங்கள். இறுக்கும்போது அது எப்போதும் ஒரு நூலளவு நகரும். மற்ற இரண்டு முகட்டிலும் அளந்து பாருங்கள். மூன்றிலும் அளவு நிறைய வேறுபட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு ஆடுகிறது, அதைச் சரிசெய்யாமல் பாயிண்ட் எத்தனை மாற்றினாலும் பலனில்லை. வேலை முடிந்ததும் சுத்தமான காகிதத் துண்டைப் பாயிண்டுக்கு நடுவில் வைத்து இழுத்து எடுங்கள். ஃபீலர் கேஜில் இருந்த ஆயில் ஒட்டியிருந்தால் பாயிண்ட் கருகும். குதிகாலுக்குக் கடுகளவு கிரீஸ் வையுங்கள். இடைவெளி மாறியதால் டைமிங்கும் மாறியிருக்கும், டைமிங் லைட்டால் பார்த்துச் சரிசெய்தால்தான் வேலை முழுமை.

பாயிண்ட் முகங்கள் சீக்கிரமே நீலம்பாரித்துக் கருகினால், ஒரு முகத்தில் குழியும் எதிரில் மேடும் விழுந்தால், கண்டென்சர் கெட்டிருக்கிறது என்று கொள்ளுங்கள். விலை மலிவான பாகம், சந்தேகம் வந்தால் மாற்றிவிடுவதே லாபம். மாற்றும்போது அதன் உடல் பெயிண்டோ துருவோ இல்லாத உலோகத்தில் பதிய வேண்டும், எர்த் இல்லாத கண்டென்சர் இருந்தும் இல்லாததுதான்.

காயிலின் இரண்டு சிறு முனைகளுக்கு இடையில் சில ஓம், பொதுவாக ஒன்றிலிருந்து நான்குக்குள். நடு முனைக்கும் சிறு முனைக்கும் இடையில் பல ஆயிரம் ஓம், பொதுவாக ஆறாயிரத்திலிருந்து பதினைந்தாயிரத்துக்குள். ஆறிய காயில் சரியாகக் காட்டிவிட்டுச் சூட்டில் மட்டும் கெடும். ஆகவே மிஸ்ஸிங் வந்த அந்த நிமிடமே நிறுத்தி அளப்பதுதான் அளவு. பொறியின் நிறமும் உதவும்: 'பட்பட்' என்ற சத்தத்தோடு நீலமாக வந்தால் வலு, மஞ்சளாக மெலிந்து வந்தால் பலவீனம். வெளிக்காற்றில் தாவும் பொறி சிலிண்டர் அழுத்தத்திலும் தாவும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

காற்றுக் கசிவு

சோக் நாப் உள்ள வண்டியில் மிக எளிய சோதனை ஒன்று உண்டு. இன்ஜின் சூடாக, ஸ்லோவில் மிஸ்ஸிங் அடித்துக்கொண்டிருக்கும்போது சோக்கை மெல்லக் கால்வாசி இழுங்கள். ஓட்டம் சீரானால் கலவை மெலிந்திருக்கிறது: காற்று புகுகிறது அல்லது பெட்ரோல் போதவில்லை. மோசமானால் கலவையில் ஏற்கெனவே பெட்ரோல் போதுமானது, மறுபடி தீப்பொறிப் பக்கம் போங்கள்.

கசிவைத் தேட, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே பிடித்து, மறுமுனையை கார்புரேட்டர் அடி கேஸ்கெட், இன்டேக் மேனிஃபோல்ட் ஹெட்டில் சேரும் இடம், வேக்குவம் குழாய்கள் எல்லாவற்றின் அருகிலும் நகர்த்துங்கள். 'உஸ்' என்ற இரைச்சல் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். சந்தேகமான மூட்டில் குப்பியால் தண்ணீர் பீய்ச்சி ஓட்டம் மாறுகிறதா என்றும் பார்க்கலாம். கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயை ஓடும் இன்ஜினில் அடிப்பவர்கள் உண்டு. பழைய வயரில் பொறி கசியும் வண்டியில் அது தீ வைப்பதற்குச் சமம்.

ஒவ்வொரு வேக்குவம் குழாயையும் விரலால் நசுக்கிப் பாருங்கள், நசுக்கியதும் இன்ஜின் சீரானால் அந்தக் குழாயின் மறுமுனையில் பழுது. டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் அட்வான்ஸ் டப்பாவை (பொறி நேரத்தை முன்னே நகர்த்துவது) சோதிக்க, அதன் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். பிடி நிற்க வேண்டும். காற்று வந்துகொண்டே இருந்தால் உள்ளே டயஃப்ரம் கிழிந்திருக்கிறது.

பெட்ரோல், இன்றைய பெட்ரோல்

பம்பிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் பைப்பைக் கழற்றி, ஒரு கண்ணாடிக் குப்பியில் விட்டு, இன்ஜினை ஸ்டார்ட்டரால் சில நொடி சுற்றுங்கள். முன்பே காயில் இணைப்பைக் கழற்றிவிடுங்கள், அருகில் பொறி கூடாது. பெட்ரோல் விட்டுவிட்டு வலுவாகப் பீய்ச்ச வேண்டும். அழுது வடிந்தால் முதலில் ஃபில்டர், பிறகு டேங்கிலிருந்து வரும் பைப், பிறகு பம்ப் டயஃப்ரம். குப்பியை அசைக்காமல் பத்து நிமிடம் வைத்து அடியைப் பாருங்கள். செந்நிறத் தூள் என்றால் டேங்க் துரு. அடியில் தனி அடுக்காகத் தண்ணீர் தேங்கினால் டேங்கை வடித்துக் கழுவ வேண்டும்.

இதில் இப்போது கூடுதல் கவனம் தேவை. பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், இந்த வண்டிகள் வடிவமைக்கப்பட்ட காலத்தில் இல்லாதது. பெட்ரோல் முழுதாக எரிய எடையில் சுமார் 14.7 மடங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு சுமார் 9 மடங்கே போதும். ஆக்சிஜன் சென்சர் உள்ள புது வண்டி அதைக் கண்டுபிடித்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது, பழைய ஜெட்டின் அளவே விடும். விளைவு மெலிந்த கலவை, ஸ்லோவில் இடறல், காலையில் ஸ்டார்ட் ஆக அடம். ஸ்லோ மிக்ஸர் ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திறந்து சீரான இடத்தைப் பிடிப்பது பல வண்டிக்குப் போதுமானது. பழைய ரப்பர் பைப்புகளும் பம்ப் டயஃப்ரமும் எத்தனாலில் ஊறி மிருதுவாகி உரியும், உரிந்த தூள் ஜெட்டை அடைக்கும். எத்தனால் தாங்கும் பைப்பாக மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில் அந்த ஈரம் எத்தனாலோடு பிரிந்து டேங்கின் அடிக்குப் போய்விடும், இன்ஜினுக்கு முதலில் வருவதும் அடியில் இருப்பதுதான்.

ஸ்லோ ஜெட் அடைப்பு என்று உறுதியானால் கழற்றி, கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பி விடாதீர்கள். ஜெட்டின் துளை இழை அளவு பெரிதானாலும் கலவை மாறிவிடும். சென்னையை அடுத்த மறைமலை நகரில் மிக்குனியின் கூட்டுறவோடு யூகால் நிறுவனம் செய்துவந்த கார்புரேட்டர்களின் பாகங்களைப் பழைய ஸ்பேர்ஸ் கடைகளில் விசாரித்து வாங்கலாம். வாங்கும்போது பழைய ஜெட்டின் மேல் பொறித்த எண்ணைக் கையோடு எடுத்துப் போங்கள்.

இன்ஜினுக்குள்

பொறியும் பெட்ரோலும் சரி, அந்த ஒரு சிலிண்டர் மட்டும் எழவில்லை என்றால் கம்ப்ரஷன். முதலில் சைலன்சர் முனையில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துப் பாருங்கள். நல்ல இன்ஜின் அதைச் சீராகத் தள்ளும். தாளம் தவறாமல் காகிதத்தை உள்ளே இழுத்தால் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கேஜ் சோதனைக்கு இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், மூன்று பிளக்கும் வெளியே, காயில் இணைப்பு கழற்றி, பேட்டரி முழுச் சார்ஜில், ஒருவர் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துப் பிடித்திருக்க வேண்டும். அதை மிதிக்க மறந்தால் மூன்று சிலிண்டருமே குறைவாகக் காட்டிப் பயமுறுத்தும். ஒவ்வொன்றையும் ஐந்தாறு துடிப்பு வரை சுற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான சிலிண்டர் 150-லிருந்து 180 பி.எஸ்.ஐ. அளவில் நிற்கும். அளவைவிட முக்கியம், மூன்றும் ஒத்துப்போவது. பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் ஒன்று மட்டும் இறங்கியிருந்தால், அதன் பிளக் துளை வழியே ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். அழுத்தம் நன்றாக ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் ஒன்றாக இறங்கியிருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் வெடித்திருக்கிறது. மூன்றும் சமமாகக் குறைந்திருந்தால், டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கிறதா என்று குறிகளைச் சரிபார்த்துவிட்டுத்தான் இன்ஜினைக் குறை சொல்ல வேண்டும்.

வால்வு என்று வந்ததும் ஹெட்டைக் கழற்ற ஓட வேண்டாம். முதலில் டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் விடும் இடைவெளி. இந்த இன்ஜினில் ராக்கர் முனையில் ஸ்க்ரூவும் லாக் நட்டும் உண்டு. குளிர்ந்த நிலையில் சுமார் 0.15 மி.மீ., உங்கள் ஆண்டு வண்டிக்கான கையேட்டின் அளவையே கடைசியாகக் கொள்ளுங்கள். டேப்பெட் சத்தம் போட்டால் அனைவரும் இறுக்கச் சொல்வார்கள். ஆனால் மிஸ்ஸிங் கொடுப்பது சத்தமே போடாத, இறுகிப்போன டேப்பெட்தான். வால்வு முழுதாக அமராமல் தொங்கி நிற்கும், எரிந்த வாயு அந்த இடுக்கில் பாய்ந்து வால்வின் விளிம்பைத் தின்றுவிடும். சரியான நேரத்தில் இடைவெளி விட்டால் அரை மணி வேலை. விட்டுவிட்டால் ஹெட் வேலை.

எல்.பி.ஜி. கிட் போட்ட 800-களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். வால்வு சீட்டுக்குள் இறங்க இறங்க டேப்பெட் தானாகவே இறுகும். கேஸில் ஓடும்போது பிளக்குக்குத் தேவையான வோல்டேஜும் கூடுதல். ஆகவே கேஸில் மட்டும் மிஸ்ஸிங், பெட்ரோலில் சரி என்றால் பிளக் இடைவெளியை 0.6 முதல் 0.7 மி.மீ.க்குக் குறைத்து, வயரையும் கேபையும் பாருங்கள். இரண்டிலும் மிஸ்ஸிங் என்றால் டேப்பெட்டைப் பாருங்கள்.

பழுதைச் சரிசெய்தபின் முப்பது கிலோமீட்டர் ஓட்டி, அதில் ஒரு மேடும் ஒரு நீண்ட நேர்ச்சாலையும் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, ஆறவிட்டு, மூன்று பிளக்கையும் மறுபடி கழற்றி அதே வெள்ளைத் துணியில் அடுக்குங்கள். மூன்றும் ஒரே நிறத்துக்கு வரத் தொடங்கியிருக்க வேண்டும். செத்திருந்த சிலிண்டரின் பிளக் மட்டும் இன்னும் தனித்துத் தெரிந்தால், ஆயில் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால் இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, அந்தச் சிலிண்டருக்கு டேப்பெட்டிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.